துர்கா அந்த அறையில் என்ன சொன்னாள்

பெரியதம்பி திண்டிவனம்–விழுப்புரம் தனியார் பேருந்தில் கண்டக்டர். வாயால் பிழைத்த மனிதர். வண்டியில் ஏறியவர் எங்கே போகிறார், எதற்குப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த வாய்தான் பெற்ற பெண் விஷயத்தில் அவரைக் கெடுத்தது.

2008 கோடையில், பிளஸ் டூ எழுதி முடித்த மகள் துர்கா சாப்பாட்டை விட்டாள், பேச்சை விட்டாள், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மயிலத்தில் கயிறு மந்திரித்துக் கட்டியாயிற்று. ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. கடைசியில் ஒரு டாக்டர், விழுப்புரத்தில் அருணா என்ற மனநல ஆலோசகருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தம்மாவுக்கு இருபத்தைந்து வருட அனுபவம்.

"உன் பேர் என்னம்மா?" என்று அருணா கேட்டதற்கே பெரியதம்பிதான் பதில் சொன்னார்.

"சார், நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்க."

"எம்பொண்ணு மேடம். எனக்குத் தெரியாததா?"

"இங்க மாத்திரை கிடையாது. வாரம் ஒருநாள், முக்கால் மணி நேரம் பேசுவோம். அவங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது, உங்ககிட்டயும் வராது. முதல்ல கூடுதலாகூட அழுவாங்க. பயப்படாதீங்க."

"எத்தினி வாரத்துல சரியாவும்?"

"இப்பவே சொன்னா அது பொய்."

வெளியே உட்கார்ந்தார். இரண்டாம் வாரம் உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கண் வீங்கி வெளியே வந்தவள், பேருந்து நிலையத்தில் தானாகவே கேட்டு ஒரு கிளாஸ் கரும்புச்சாறு குடித்தாள். வேறு ஆளாக இருந்தால் சாமிக்குத் தேங்காய் உடைத்திருப்பார். பெரியதம்பிக்கோ நெஞ்சில் முள். இரண்டு மாதம் முன்பு, கூடப் படிக்கும் பையனோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று, திண்டிவனம் பேருந்து நிலையத்தில் தோழிகள் பார்க்க அவளைக் கன்னத்தில் அறைந்திருந்தார்.

வண்டி கிளம்பியதும் ஆரம்பித்தார். "என்னம்மா சொன்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

விக்கிரவாண்டி தாண்டியதும் மறுபடி, "என்னப் பத்தி சொன்னியா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இவர் குரல் ஏறியது. "பஸ் ஸ்டாண்டுல அடிச்சேன்னு சொன்னியா, இல்லியா? வாயத் தொறந்து சொல்லேன்!"

வண்டியே திரும்பிப் பார்த்தது. தினம் அவரிடம் டிக்கெட் வாங்கும் முகங்கள். அடித்த விஷயம் தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோயிற்று. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். இந்த யானை பெண்ணின் தலையிலும் சேர்த்துப் போட்டது.

அடுத்த வாரம் துர்கா அந்த அறையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கடுத்த வாரம் வண்டி ஏறவே மாட்டேன் என்றுவிட்டாள். அருணா போன் செய்தபோது, "பொண்ணு நல்லாயிட்டா மேடம்" என்று சொல்லி வைத்தார் பெரியதம்பி. பச்சைப் பொய்.

பிறகு அவள் படித்தாள், ஓசூரில் வேலைக்குப் போனாள். அம்மாவோடுதான் பேச்சு. அப்பாவுக்கு ஒரு "சாப்டீங்களா" மட்டும்.

2016இல் வேலையிலிருந்து நின்றதும் பெரியதம்பிக்குத் தூக்கம் போயிற்று. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதையாக, அதே அருணாவிடம் போனார்.

"அன்னிக்கு எம்பொண்ணு என்னா மேடம் சொன்னா?"

"அது அவங்களோடது. நீங்க சொல்ல வந்ததைச் சொல்லுங்க."

ஊர்க்கதை பேசியவருக்குத் தன் கதை வரவில்லை. ஐந்து வாரம் மழை, பஸ், முழங்கால் வலி என்று ஒப்பேற்றினார். அருணா அவசரப்படுத்தவில்லை. ஆறாம் வாரம் உடைந்தார்.

"அடிச்சதுகூட இல்ல மேடம். அந்தப் புள்ள வாயத் தொறந்துச்சு. நான் மூடிட்டேன்."

'பரவாயில்லை' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. "இதை யார்கிட்ட சொல்லணும்னு நினைக்கிறீங்க?" என்றுதான் அருணா கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஓசூருக்கு போன் போட்டார். "அன்னிக்கு பஸ்ல உன்ன அப்டி கேட்டது தப்பும்மா."

துர்கா மெதுவாகச் சொன்னாள். "நான் இங்க அந்த மேடம் மாதிரி ஒருத்தர்கிட்ட போய்க்கினுதாம்பா இருக்கேன். நாலு வருஷமாவுது."

நாலு வருடம்! பெண் பிழைத்துக்கொண்டாள் என்று மனம் குளிர்ந்தது. அவள் பிழைப்பதற்குத் தான் வேண்டியிருக்கவில்லை என்று அதே மனம் எரிந்தது. அங்கே என்ன சொல்கிறாள் என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேம்பா. அம்மாகிட்ட குடுங்க."

போனைக் கொடுத்துவிட்டு, பேச்சு காதில் விழாத தூரத்துக்குப் போய் நின்றார்.