ரமாபாயின் இரண்டாயிரத்து இருபத்து மூன்று

ரமாபாய்க்குப் பாட்டு என்றால் அது இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் ஆண்டுப் பாட்டுதான். அதற்குப் பிறகு வந்த எந்தப் பாட்டையும் அவர் கேட்டதில்லை. இதை அவர் துக்கமாகச் சொல்வதில்லை. பிறந்த ஊர் எது என்று கேட்டால் பதில் சொல்வோமே, அவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறார்.

அந்த ஆண்டு எனக்கு எண்ணூர் தபால் அலுவலகத்தில் வேலை. காலை எட்டரைக்குத் திருவொற்றியூர் தேரடியில் அவருடைய ஷேர் ஆட்டோவில் ஏறினால், எர்ணாவூர், கத்திவாக்கம் வழியாக ஒன்பதுக்குள் கொண்டுபோய் விட்டுவிடுவார். வியாசர்பாடிக் குடியிருப்பில் மூன்றாம் மாடியில் அவர் வீடு. கணவர் வேலப்பன் வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர். ஒரே மகள் மாயா அப்போது கல்லூரியில் கடைசி ஆண்டு. அம்பேத்கரின் மனைவி பெயரை ரமாபாய்க்கு வைத்த அவருடைய அப்பா, அதை யாரும் பாதியாக்கிக் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தாராம். அதனால் ‘ரமா’ என்று அழைத்தால் அவர் திரும்பமாட்டார். நெட்டுக்குப்பத்துப் பூவம்மாவுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. பூவம்மா விடியற்காலையில் மீன் கூடையோடு திருவொற்றியூர்ச் சந்தைக்கு வந்து, விற்று முடித்து, காலிக் கூடையோடு எங்கள் வண்டியில்தான் ஊர் திரும்புவார். பத்து வருடப் பழக்கம்.

பின் சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருந்தது. ஞாயிறுதோறும் மாயா புதுப் பாட்டுகளைப் பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பாள். ரமாபாய் செய்தித்தாள் படிப்பவர் அல்ல. செய்தி அவருக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். பயணிகளின் பேச்சு, அதற்கு அடியில் ஓடும் பாட்டு, இரண்டும் குழைந்துதான் அவருக்கு உலகம்.

அந்த ஆண்டுப் பொங்கலுக்கு இரண்டு பெரிய நடிகர்களின் படங்கள் ஒரே நாளில் வந்தன. ஆட்டோவுக்குள்ளும் இரண்டு கட்சி ஆகிவிட்டது. எந்தப் படத்துப் பாட்டைப் போட்டாலும் பாதிப் பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எர்ணாவூர் வரைக்கும் ஒரு நடிகர், அதற்கு மேல் இன்னொருவர் என்று ரமாபாய் பாதையைப் பங்கு போட்டுக் கொடுத்தார். ஆடி மாதம் தக்காளி விலை ஏறியபோது, மீனைக் கொடுத்துத் தக்காளி வாங்கிய பூவம்மா அதைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அதே வாரங்களில்தான் பாதி வார்த்தை புரியாத ஒரு பாட்டு ஊரையே பிடித்துக்கொண்டது. எக்ஸ்பிரஸ் ரோட்டு நெரிசலில் நின்ற ஒரு கன்டெய்னர் லாரி ஓட்டுநர், எங்கள் ஆட்டோவிலிருந்து அந்தப் பாட்டு வந்ததும் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையாலும் ஆடியதை நானே பார்த்தேன்.

ஆகஸ்டில் ஒரு மாலை, நிலாவில் நம்முடைய விண்கலம் இறங்கும் நேரத்தில் நாங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். திருவொற்றியூரில் ஏதோ வேலை என்று அன்று பூவம்மாவும் ஏறியிருந்தார். கடலோரம் கருங்கல் கொட்டிய இடத்தில் ரமாபாய் வண்டியை நிறுத்திவிட்டார். ஒரு கைபேசியின் மேல் எட்டுத் தலைகள் குனிந்தன. இறங்கிவிட்டது என்று தெரிந்ததும் எல்லோரும் கை தட்டினோம். நீலச் சீருடையில் இருந்த தொழிற்சாலைக்காரர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஏன் அழுகிறேன் என்று தெரியவில்லை என்றார். ரமாபாய் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். தெற்கே உச்சியில் அரை நிலா வெளுப்பாக இருந்தது.

“அங்க இன்னா சத்தம் கேக்கும் சார்?” என்று கேட்டார்.

காற்று இல்லை, அதனால் சத்தமே இருக்காது என்றேன். அப்படியும் ஓர் இடமா என்பதுபோல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நவம்பரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தோற்ற மறுநாள் யாரும் பாட்டு கேட்கவில்லை, அவரும் போடவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் புயல் வந்தது. வியாசர்பாடியில் ஆட்டோ இடுப்பளவு தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. இன்ஜின் பிழைத்தது, ஸ்பீக்கர் செத்துப்போனது. வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் ஆலைக் கழிவு எண்ணெய் வந்து படர்ந்தது. படகு, வலை, கரையில் ஒதுங்கிய கூழைக்கடா எல்லாம் ஒரே கறுப்பு. குப்பத்து ஜனங்கள் வாளியாலும் கையாலும் அள்ளினார்கள். அந்த மாதம் முழுக்க எங்கள் வண்டி பாட்டில்லாமல் ஓடியது.

ஜனவரி மூன்றாம் வாரம் ரமாபாய்க்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாம் நாள் ஆளை அடையாளம் தெரியவில்லை. மூளைக் காய்ச்சல் என்று சொல்லி அரசு மருத்துவமனையில் பதினெட்டு நாள் வைத்திருந்தார்கள். கண் விழித்தபோது தலைக்கு மேல் மின்விசிறி சத்தமில்லாமல் சுற்றியதாம். நல்ல விசிறி போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்திருக்கிறார். பக்கத்தில் மாயாவின் வாய் அசைந்தது.

“இன்னாத்துக்குடி குசுகுசுன்னு பேசற? வாயத் தொறந்து பேசு” என்றார். வார்டே திரும்பிப் பார்த்தது. அவ்வளவு சத்தமாகச் சொன்னது அவருக்கே தெரியவில்லை. மாயா அழுதுகொண்டே மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள்: நான் கத்திதாம்மா பேசறேன்.

கேட்கும் கருவி வைத்துப் பார்த்தார்கள். பலனில்லை. உள்ளே நரம்பே போய்விட்டது என்றார் மருத்துவர். ஆட்டோ அதே ஸ்டாண்டில் ஓட்டும் இஷ்ரத் என்ற பெண்ணுக்குப் போனது. இஷ்ரத் வந்து சாவியை வாங்கிக்கொண்டு, ரமாபாயின் கையை விடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அதன்பின் ரமாபாய் மூன்றாம் மாடி ஜன்னலில் உட்கார்ந்து, கீழே சத்தமில்லாமல் சண்டை போடுபவர்களையும், சத்தமில்லாமல் போகும் ரயிலையும் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு அடியில் வீடு கட்டிக்கொண்டு குடியிருப்பதுபோல இருந்தது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார்.

சித்திரையில் ஒரு காலை பாட்டு வந்தது.

அவர் அரிசி களைந்துகொண்டிருந்தார். கீழ் வீட்டிலிருந்து வருவதுபோல, தெளிவாக, தாளத்தோடு வந்தது. காது திரும்பிவிட்டது என்றே நினைத்தார். மாயாவை எழுப்பி, “கீழ் வூட்டுல பாட்டு ஓடினு கீது. எனக்குக் கேக்குதுடி” என்றார். மாயா படியில் ஓடினாள். கீழ் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர் வீடு, மாடி, தெரு எல்லாம் பார்த்துவிட்டு வந்து எழுதினாள்: எங்கயும் பாட்டு ஓடலம்மா. ரமாபாய் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பாட்டு இரண்டாம் சரணத்துக்குப் போயிருந்தது.

மூன்று நாள் விடாமல் ஓடியது. ஒரு பாட்டு முடிந்தால் இன்னொன்று. வேலப்பன் பயந்துபோனார். மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று வேலைக்குப் போகாமல் வாசலிலேயே உட்கார்ந்தார். கடைசியில் மருத்துவமனைக்கே கூட்டிப்போனார்கள். அங்கிருந்த பெண் மருத்துவர் நிதானமாக ஒரு தாளில் எழுதினார்: ‘காதிலிருந்து எதுவும் வராததால் மூளை தன்னிடம் இருப்பதை எடுத்துப் போட்டுக் கேட்கிறது. பலருக்கு வரும். இது பைத்தியம் இல்லை.’ கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டிருந்தார். ரமாபாய் அதை வாங்கி வேலப்பன் கையில் கொடுத்தார். பயம் அவருக்குத்தான் அதிகம் இருந்தது.

அதன்பிறகு பாட்டு வந்தால் ரமாபாய் அடக்கவில்லை. கூடவே முணுமுணுத்தார். காது போனாலும் ராகம் பிசகவில்லை. மாயா கேட்டு, இன்ன பாட்டு என்று எழுதிக் காட்டுவாள். எல்லாமே அந்த ஒரு வருடத்துப் பாட்டுகள். அதற்கு முந்திய நாற்பது வருடப் பாட்டுகளில் ஒன்றுகூட ஏன் வரவில்லை என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. ஒவ்வொரு பாட்டும் ஒரு நாளை இழுத்துக்கொண்டு வந்தது. பொங்கல் பாட்டில் கட்சி பிரிந்து சண்டை போட்ட முகங்கள் வந்தன. புரியாத பாட்டில் லாரிக்காரரின் இரண்டு கைகள் வந்தன. சில சமயம் கண்ணைத் திறந்துகொண்டே எர்ணாவூர் வளைவில் ஆட்டோவைத் திருப்புவாராம். கை தானாக வளையும். மாயா ஒரு நோட்டில் மாதவாரியாக எழுதத் தொடங்கினாள்: பாட்டு, அன்று ஊரில் நடந்தது, வண்டியில் யார் யார் இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூவம்மா மீனோடு வந்துவிடுவார். நானும் இரண்டு மூன்று முறை போயிருக்கிறேன். நிலாவில் கலம் இறங்கியபோது வண்டியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது என்பது ரமாபாயின் கட்சி. கைபேசி கேட்க வேண்டும் என்று பாட்டை நிறுத்தியாயிற்று என்பது பூவம்மாவின் கட்சி. என்னைக் கேட்டார்கள். பூவம்மா சொன்னதே சரி என்றேன். ரமாபாய் என் வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “உங்களுக்கு நெனப்பு இல்ல சார்” என்று சொல்லிவிட்டார். நோட்டில் அவர் சொன்னபடியே எழுதப்பட்டது.

ஒரே ஒரு மெட்டு மட்டும் பிடிபடவில்லை. மெதுவாக ஏறி, ஏறிய இடத்திலேயே உடைந்து, மறுபடி கீழிருந்து தொடங்கும். ரமாபாய்க்கு அதுதான் அடிக்கடி வந்தது. மாயாவின் சிநேகிதிகளுக்குத் தெரியவில்லை. கைபேசியில் முணுமுணுத்துத் தேடியும் கிடைக்கவில்லை. ராயபுரத்தில் கானா பாடும் ஒருவர் கேட்டுவிட்டு, இது எங்கள் பக்கத்துப் பாட்டு இல்லை என்று சொல்லிவிட்டார். பூவம்மாவும் உதட்டைப் பிதுக்கினார்.

ஆவணியில் ஒரு ஞாயிறு. பூவம்மா அடுப்படியில் உட்கார்ந்து மடவை மீனைச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். பின்னால் ரமாபாய் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டு வெங்காயம் உரித்தார். மெட்டு உடையும் இடம் வந்தது. பூவம்மா தன்னை அறியாமல் அடுத்த வரியைப் பிடித்துக்கொண்டு போனார், வார்த்தையோடு:

“ஆத்துக்கு இன்னா ஆச்சு, என் அப்பன் குளிச்ச ஆத்துக்கு…”

மாயா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் பூவம்மாவுக்கே உறைத்தது. கத்தி நின்றுவிட்டது.

“இத்த நான் எங்க பாடினேன்?” என்றார்.

பூவம்மா அடுத்த வரியைப் பாடியதை மாயா எழுதிக் காட்டியதும் ரமாபாய்க்கு அந்த நாள் மொத்தமாக வந்துவிட்டது. புயலுக்கு அடுத்த வாரம். பூவம்மா முழங்கால் வரை எண்ணெயோடு ரோட்டில் வந்து நின்று, சீட்டு கெட்டுவிடும் என்று ஏறத் தயங்கினார். ரமாபாய் புடவைக்கு மேல் போட்டிருந்த காக்கிச் சட்டையைக் கழற்றி விரித்து ஏற்றிக்கொண்டார். வண்டியில் வேறு யாரும் இல்லை.

“ஸ்பீக்கரு செத்துப்போய் இருந்துச்சா, வண்டில சத்தமே இல்ல. நீ வாய்க்குள்ளயே பாடிக்கினு வந்தக்கா. தேரடி வரைக்கும். நான் திரும்பிப் பாக்கல. பாத்தா நீ நிறுத்திடுவ.”

பூவம்மாவுக்கு அந்த நாளில் மண்ணெண்ணெய் போட்டுக் காலைத் தேய்த்ததும், தோல் எரிந்ததும் மட்டும்தான் நினைவிருந்தது. பாடியது நினைவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு ரமாபாய்க்கு எதிரில் வந்து உட்கார்ந்தார். மறுபடி பாடு என்று கையால் சைகை காட்டினார். ரமாபாய் பாடினார். அன்று எண்ணெயில் நின்றபோது வராத அழுகை, எட்டு மாதம் கழித்து வியாசர்பாடி அடுப்படியில் வந்தது. மாயா நோட்டில் டிசம்பர் மாதத்துக்கு நேராக ‘பூவம்மா பாட்டு’ என்று எழுதினாள். அந்த மாதத்தில் அது ஒன்றுதான்.

அடுத்த வாரமே பூவம்மா அவரை வீட்டிலிருந்து கிளப்பிவிட்டார். தனக்கு முழங்கால் வலி, மீன் வெட்ட ஆள் வேண்டும் என்று சொன்னார். பாதி உண்மை. இப்போது இருவரும் சந்தையில் ஒன்றாக உட்காருகிறார்கள். பூவம்மா விற்க, ரமாபாய் வெட்டுகிறார். துண்டு எவ்வளவு பெரிதாக வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் விரலால் காட்டுகிறார்கள். ஒருவர் பேசும்போது கேட்பவரின் முகம் மாறுவதைப் பார்த்தே ஊரில் நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று ரமாபாய் சொல்லிவிடுகிறார். திரும்பும்போது இஷ்ரத்தின் ஆட்டோ.

தலைக்குள் ஓடும் பாட்டுகள் முன்போல் விடாமல் வருவதில்லை. ஒரு வாரம் வராமலேயே இருந்தபோது, வீட்டில் யாரோ வெளியூர் போனதுபோல இருந்தது என்றார்.

போன மாதம் நான் ரமாபாய் வீட்டுக்குப் போனபோது மாயா வேலை முடிந்து வந்திருந்தாள். இப்போது மருந்துக் கடையில் இருக்கிறாள்.

“இந்த வருசம் இன்னா பாட்டுடி ஓடுது?” என்று ரமாபாய் கேட்டார்.

மாயா யோசித்து யோசித்து எழுதினாள்: ஆம்பளக் கொரல். கரகரன்னு கீது. மொதல்ல மெதுவா வந்து அப்புறம் அடி வேகமாவுது. பஸ்ஸுல எல்லாரும் காலால தட்டறாங்க.

ரமாபாய் படித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து விரலால் தரையில் தட்டி, மெதுவாகத் தொடங்கி, கரகரப்பாக ஒரு பாட்டைப் பாடினார். எங்கள் யாருக்கும் தெரியாத பாட்டு. மாயா எழுதிய பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கண்ணைத் திறந்து, “இப்டியா?” என்று கேட்டார்.

மாயா என்னைப் பார்த்தாள். பிறகு ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, இன்னொரு முறை பாடச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்துகொண்டாள்.