கம்பியிலிருந்து இறங்காதவன்

லைல் மெக்கேபுக்கு ஐம்பத்திரண்டு வயது. சான் பெட்ரோ என்ற அமெரிக்கத் துறைமுக ஊரில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பெயின்ட் கலக்கிக் கொடுக்கிறான். பதினேழு வருடமாக அதே கவுன்ட்டர், அதே குலுக்கும் மெஷின், இரண்டு முழங்காலிலும் அதே பட்டை. வேலையில் கெட்டிக்காரன். பழைய சுவரிலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துக் கொண்டுவந்து காட்டினால் போதும், கண்ணாலேயே நிறத்தைச் சொல்லிவிடுவான். ஆனால் மாதத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கவுன்ட்டரில் அவனுக்கு ஓர் அவமானம் நடக்கும். சுற்றி நிற்கிறவர்களுக்கு அது பாராட்டாகத்தான் தெரியும்.

போன வசந்தத்தில் வழுக்கை விழுந்த ஒரு ஆள் மகள் அறைக்கு மஞ்சள் பெயின்ட் வாங்க வந்தான். லைலின் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டான்.

"லைல் மெக்கேபா? டின் ரூஸ்டர் ஸ்கேட்போர்டு விளம்பரம்? பதினாலு படி?"

"ம்."

"ஐயோ தலைவா! நாலு வருஷம் என் கட்டிலுக்கு மேல சுவத்துல நீங்கதான் பறந்துட்டிருந்தீங்க. வீடு மாறுறப்ப உங்களை உரிச்சேன், சுவத்துப் பெயின்ட்டும் சேந்து வந்துடுச்சு. எங்கம்மா செருப்பைக் கழட்டிட்டாங்க!"

"மஞ்சள்ல எந்த மஞ்சள் வேணும்?" என்றான் லைல்.

"பாத்தீங்களா, எவ்வளவு அடக்கம்!" என்று வரிசையில் நின்றவர்களிடம் அந்த ஆள் பெருமையாகச் சொன்னான். லைல் டப்பாவை மெஷினில் வைத்து முடுக்கிவிட்டு, அது குலுங்கி முடிகிற வரைக்கும் திரும்பவே இல்லை. அது அடக்கம் இல்லை, வெட்கம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தலை குனிகின்றன.

எங்கள் வயசுக்காரர்களுக்கு ஸ்கேட்போர்டுப் பத்திரிகை ஒன்று மாதம் ஒரு முறை வரும். கட்டுரைகளை யார் படித்தார்கள்? விளம்பரத்துக்காகத்தான் வாங்கினோம். பலகைக்கு ஒரு பக்கம், சக்கரத்துக்கு ஒரு பக்கம், ஷூவுக்கு இரண்டு பக்கம். ஒரு விளம்பரத்தில் பெரிய ஆட்டக்காரன் ஒருவன் வாடகைக் கோட்டுப் போட்டு வாத்து ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பான். ஏன் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் அந்த மாதம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். யார் ஷூவின் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, யார் வலது காலை முன்னால் வைக்கிறான் எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. பாடத்தில் கேட்டால்தான் வாய் திறக்காது.

அந்தப் பக்கங்களுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. எழுதி வைத்ததில்லை, ஆனால் எல்லோரும் மதித்தார்கள். படத்தில் ஒருவன் காற்றில் இருந்தால், அவன் அடுத்த நொடி தரையில் இறங்கியிருக்க வேண்டும். பலகை காலடியில், நாலு சக்கரமும் தரையில், விழாமல் உருண்டு போயிருக்க வேண்டும். இறங்காத வித்தையின் படத்தைப் போடுகிறவன் திருடன். இரண்டாவது பாதியும் உண்டு. ஓர் இடத்தில் ஒருவன் முதலில் இறங்கிவிட்டால் அந்த வித்தை அங்கே அவனுடையது. அடுத்தவன் அதையே செய்து அனுப்பினால் பத்திரிகை திரும்பிக்கூடப் பார்க்காது.

லைல் இறங்கவில்லை.

தொண்ணூற்றொன்றாம் வருடம், மார்ச் மாதம். மேட்டு மேல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் பதினாலு படி, நடுவில் இரும்புக் கைப்பிடிக் கம்பி. அத்தனை நீளக் கம்பியில் அதுவரை எங்கள் ஊரில் எவனும் பலகையை ஏற்றியதில்லை. இருபது வயது லைல் பதினோரு தடவை ஏறினான், பதினோரு தடவையும் விழுந்தான். பதினோராவதில் கணுக்கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. ஆனால் ஆறாவது தடவையில் படம் பிரமாதமாக விழுந்திருந்தது. கம்பியின் நடுவில் நேராக நிற்கிறான், கைகள் விரிந்திருக்கின்றன, பின்னால் துறைமுகத்துக் கிரேன்கள். அதைப் பார்த்து அவன் விழப்போகிறான் என்று கடவுள்கூடச் சொல்ல முடியாது.

"இத நான் அனுப்பிடறேன்," என்றான் படம் எடுத்த வென்டல். "கால் சரியானதும் வந்து இறங்கிடு. புத்தகம் வர ரெண்டு மாசம் இருக்குல்ல, அதுக்குள்ள கணக்கு நேராயிடும்."

"இறங்கலேன்னா?"

"ஏன்டா அபசகுனமாப் பேசற?"

கால் சரியானது. லைல் இரண்டு தடவை பலகையோடு அங்கே போனான். படிக்கு மேலே நின்று கீழே பார்த்தான். பயம். இரண்டு தடவையும் படியில் நடந்தே இறங்கி வந்தான். மே இதழில் டின் ரூஸ்டர் விளம்பரம் முழுப்பக்கத்துக்கு வந்தது.

இது வரைக்கும் உள்ளதற்கு அவன் வென்டலைக் கைகாட்டலாம், கம்பெனியைக் கைகாட்டலாம். அதற்கப்புறம் நடந்ததற்கு யாரையும் கைகாட்ட முடியாது.

ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். லைல் சமையலறையில் நின்றபடி பாலில் ஊறிய கார்ன்ஃபிளேக்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"லைல், ஒண்ணு கேக்கணும், தப்பா எடுத்துக்காத. அந்தப் பதினாலு படி, நீ இறங்கினதானே?"

"ஏன் கேக்கறீங்க?"

"கார்சன்லேர்ந்து ஒரு பிலிப்பினோ பையன் படம் அனுப்பியிருக்கான். ஆர்னெல் டகானய்னு பேரு. நாலாவது தடவையிலயே இறங்கிட்டான், ரெண்டு சாட்சி இருக்கு. நீ முன்னாடியே இறங்கியிருந்தா அவனுது ரெண்டாவது, ஓரமா வெச்சுடுவேன். நீ இறங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லு, அவன்தான் முதல் ஆள். அட்டைல போடப் போறேன். அதான் கேக்கறேன்."

வாயில் இருந்ததை லைல் மென்று விழுங்கினான்.

"இறங்கினேன்," என்றான்.

"போதும், நீ சொன்னா சரி," என்று ஆசிரியர் வைத்துவிட்டார். வாய்ச்சொல்லை நம்பிய காலம் அது.

அப்புறம் எல்லாம் வந்தது. அவன் பெயர் போட்ட பலகை வந்தது, ஜப்பான் பயணம் வந்தது, மூன்று வருடம் கழித்து முழங்கால் போனது, கம்பெனியும் போனது. ஆர்னெல் டகானய் என்ற பெயரை அவன் எந்தப் பத்திரிகையிலும் பார்க்கவே இல்லை. முதலில் கொஞ்ச நாள் தேடினான், பிறகு பத்திரிகை வாங்குவதையே விட்டுவிட்டான். பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனைவிக்குக்கூட அந்தப் போனைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தப் பள்ளிக்கூடத்து வழியாகப் போக வேண்டியிருந்தால் இன்னமும் சுற்றிக்கொண்டுதான் போகிறான்.

அந்த மஞ்சள் பெயின்ட் ஆள் வந்து போன கொஞ்ச நாளில்தான் ஹெக்டர் அரிஸ்பே வந்து சேர்ந்தான். அவன் ஸ்கேட்போர்டுக் கடைக்காரன், அதை விடப் பெரிதாகப் பழைய விளம்பரப் பைத்தியம். பழைய இதழ்களைத் தேடித் தேடி வாங்கி, விளம்பரப் பக்கங்களைக் கண்ணாடி போட்டு மாட்டுவான்.

"அறுபது விளம்பரம் மாட்டறேன் லைல். நடுவுல உன்னோடது, கதவு சைசுக்கு. சனிக்கிழமை மத்தியானம் வர்ற, கையெழுத்துப் போடற, ரெண்டு வார்த்தை பேசற."

"எனக்குப் பேச வராது."

"அந்தக் கம்பியில ஏற வந்துச்சு, மைக்ல பேச வராதாக்கும்! எல்லாரும் அவனவன் சின்ன வயச ஒரு தடவை தொட்டுப் பாக்கணும்னு வர்றான். கெடுத்துடாத."

லைல் ஒரு வாரம் தூங்கவில்லை. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தான். சொல்லிவிடுவது. இதற்கு மேல் இதைச் சுமக்க முடியாது.

சனிக்கிழமை ஹெக்டரின் கடை நிரம்பி வழிந்தது. நரைத்த தாடிகள், தொப்பைக்கு மேல் இறுக்கமான பழைய பனியன்கள். வாத்தைக் கட்டிப் பிடித்த படத்துக்கு முன்னால் நின்று இரண்டு பேர் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். வாசலில் டாக்கோ தின்பண்ட வண்டி. நடுச் சுவரில் ஆள் உயரத்துக்கு இருபது வயது லைல் கைகளை விரித்துக்கொண்டு நின்றான். அவனை நிமிர்ந்து பார்க்க லைலுக்கு முடியவில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள்.

"இந்தப் படம் பொய்," என்றான். "நான் இறங்கல. பதினோரு தடவை விழுந்தேன். இது ஆறாவது விழறதுக்கு அரை நொடி முன்னாடி. அதுக்கப்புறம் என் முகம் எங்க போய் இடிச்சதுன்னு அந்தப் பள்ளிக்கூடத்துச் செடிக்குத்தான் தெரியும்."

கடைசி வரியை அவன் யோசித்துச் சொல்லவில்லை. பயத்தில் வாயிலிருந்து தானாக வந்தது. ஒருவன் சிரித்தான். பிறகு கடையே சிரித்தது, கை தட்டியது. "முப்பத்திரண்டு வருஷம் ஏமாத்திட்டியேடா பாவி!" என்று ஒருவன் கத்தினான், அதுவும் அன்பாக. "இவன்தான்டா மனுஷன்!" என்று ஹெக்டர் அவனைக் கட்டிப் பிடித்தான். முதுகில் பத்துக் கைகள் தட்டின. லைலும் சிரித்தான். போனைப் பற்றிச் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு அத்தனை இதமாக இருந்தது. இது போதும், பாதி சொல்லியாயிற்று, மீதி யாருக்குத் தெரியப் போகிறது என்று மைக்கைக் கீழே வைத்துவிட்டான்.

கையெழுத்து வரிசையில் நாலாவதாக ஒரு ஆள் வந்தான். குட்டையான உருவம், நரைத்த கிராப்பு, ஆஸ்பத்திரி ஊழியர்கள் போடுகிற நீலச் சட்டை. வேலையிலிருந்து நேராக வந்திருப்பான் போல.

"வணக்கங்க. நம்ம ரெண்டு பேருக்கும் அறிமுகம் இல்ல," என்றான் சிரித்துக்கொண்டே. "என் பேர் ஆர்னெல் டகானய். நானும் அந்தக் கம்பியில ஏறியிருக்கேன்."

லைல் பேனாவைக் கீழே வைத்தான்.

"நான் இறங்கிட்டேங்க. தொண்ணூத்தொண்ணு ஜூன். நீங்க முதல்ல இறங்கிட்டீங்கன்னு பத்திரிகைல சொல்லிட்டாங்க. சரி, நல்லவன் ஒருத்தன் முந்திட்டான்னு விட்டுட்டேன்." அவன் கண்கள் பளபளத்தன. "இப்ப நீங்க சொன்னதக் கேட்டதும் நெஞ்சு நின்னுடுச்சு. அப்ப நான்தானே முதல் ஆள்? இத்தனை பேர் முன்னாடி உண்மையைச் சொன்னதுக்கு ரொம்ப நன்றிங்க. யாருக்கு இந்தத் தைரியம் வரும்?"

கையை நீட்டினான். லைல் அந்தக் கையைப் பிடித்தான்.

"உங்க மேல ஒரு தப்பும் இல்ல," என்றான் ஆர்னெல். "விளம்பரத்தப் பாத்துட்டு அவங்களே முடிவு பண்ணியிருப்பாங்க. உங்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

வெறுமனே தலையாட்டியிருந்தால் போதும். அந்த ஆள் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்பான். லைலுக்குத் தலையாட்டத்தான் தோன்றியது. அதை நினைத்தால் இன்றும் அவனுக்கு உடம்பு கூசுகிறது. ஆனால் ஆர்னெல் அவன் கையை இன்னும் விடவில்லை.

"கேட்டாங்க," என்றான் லைல்.

"என்ன?"

"எனக்கு போன் பண்ணிக் கேட்டாங்க. உங்க பேர் சொன்னாங்க. நாலாவது தடவையில இறங்கினீங்கன்னு சொன்னாங்க. நான் இறங்கலேன்னா உங்கள அட்டைல போடறதா சொன்னாங்க. நான் இறங்கினேன்னு சொல்லிட்டேன்."

ஆர்னெல் மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டான். அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"என்னிக்குங்க?"

"ஒரு வியாழக்கிழமை. காலையில."

ஆர்னெல் தலையை அசைத்தான். பிறகு மைக் பக்கம் பார்த்தான். "அப்ப இதையும் அதுல சொல்லிடுங்க," என்றான்.

லைல் போய் மைக்கை எடுத்தான். இன்னொரு வேடிக்கை வரப்போகிறது என்று முன்வரிசையில் ஏற்கெனவே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவன் சொன்னான். ஆர்னெல் டகானய், கார்சன், நாலாவது தடவை, ஆசிரியரின் போன், தான் சொன்ன ஒரு வார்த்தை, எதையும் விடவில்லை. சிரிப்பு நின்றது. ஒருவரும் கை தட்டவில்லை. ஹெக்டர் எங்கேயோ பார்த்தான். வரிசையில் நின்றவர்கள் கையிலிருந்த விளம்பரத்தைச் சுருட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். லைலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது, துணி இல்லாமல் நிற்கிற மாதிரி இருந்தது.

ஆர்னெல் வெளியே போய்விட்டிருந்தான். லைல் நொண்டிக்கொண்டே ஓடி, கார் கதவைத் திறக்கிற சமயத்தில் பிடித்தான்.

"ஆர்னெல், என்னை மன்னிச்சுடுங்க. நான்..."

"அந்த வியாழக்கிழமை," என்றான் ஆர்னெல். குரல் உயரவே இல்லை. "பத்திரிகைலேர்ந்து கூப்பிடறேன்னு சொல்லியிருந்தாங்க. நான் காலையிலேர்ந்து போன் பக்கத்துலயே உக்காந்துட்டிருந்தேன். அன்னிக்கு எங்க பெரியம்மா ஊர்ல ரொம்ப முடியாம கிடந்தாங்க. எங்கம்மா ஒரே ஒரு தடவை அக்காகிட்ட பேசிக்கறேன்னு கெஞ்சினாங்க. போன் பிஸியா இருந்தா எனக்கு வர்றது போயிடும்னு நான் தொடவே விடல. அந்தப் போன் வரவே இல்ல. சாயங்காலம் ஊர்லேர்ந்து சொந்தக்காரங்களே கூப்பிட்டாங்க. எல்லாம் முடிஞ்சிருந்துச்சு."

காரில் ஏறிக் கதவைச் சாத்தினான். கண்ணாடியை இறக்கினான்.

"எங்கம்மா சாகற வரைக்கும் அதை ஒரு தடவைகூட சொல்லிக் காட்டல," என்றான். "உங்க அந்த ஒரு வார்த்தையால எனக்குப் போனது அட்டைப்படம் மட்டும்தான்னு நினைச்சிட்டிருந்தீங்க, இல்ல?"