பன்னிரண்டு நிமிட வரி

நின்றுகொண்டுதான் என்டர் தட்டுவான் இளவழகன். வரி முழுவதையும் உட்கார்ந்து அடித்து, கண்ணால் ஒருமுறை மேய்ந்து, முழங்காலால் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்த பிறகே அந்தக் கடைசிப் பொத்தானைச் சுண்டுவிரலால் அழுத்துவான். அழுத்திய கையோடு, திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கத்து அறைக்குப் போய்விடுவான். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் அந்த இரண்டு அறை வீட்டில் அவன் இதைப் பழகி மூன்று வருடம் ஆகிறது.

வயது நாற்பத்தொன்று. சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை. பல ஊர்க் கடைகளின் கோப்புகளைப் பத்திரமாக நகலெடுத்து வைப்பது அந்தக் கம்பெனியின் தொழில். இளவழகன் கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்து அதைச் செய்விக்கிறவன். படம் கிடையாது, மவுஸுக்கு வேலை கிடையாது, வெறும் எழுத்து. பெண் பார்க்கப் போன இடங்களில் இதை விளங்க வைக்க முடியாமல் போனதுதான் அவனுக்குக் கல்யாணம் ஆகாததற்குப் பாதிக் காரணம். "மாப்ள எந்நேரமும் வீட்லயே இருக்காராமே" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மீதிக் காரணம் கட்டிலில் படுத்திருந்தது.

நைனா ஆதிமூலம் மார்க்கெட் கமிட்டியில் முப்பத்தைந்து வருடம் மூட்டை தூக்கியவர். நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையுமாக ஏற்றி இறக்கிய உடம்பு. பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, நாக்கும் பாதி இழுத்துக்கொண்டது. குழறலான அந்தப் பேச்சு மகனுக்கு மட்டும்தான் விளங்கும். அம்மா முன்பே போய்விட்டாள். வல்லத்தில் வாழ்க்கைப்பட்ட அக்கா அமிர்தவல்லி ஞாயிற்றுக்கிழமை வந்து துணிமணி துவைத்துப் போட்டுவிட்டுப் போவாள். மற்ற ஆறு நாளும் புரட்டிப் படுக்க வைப்பது, துடைப்பது, கஞ்சி புகட்டுவது எல்லாம் இளவழகனுடைய கைதான்.

ஆபீசோ நாற்காலியை விட்டு நகராதவனைத்தான் ஆள் என்று மதிக்கும். ஒரு கட்டளை முடிய ஒன்றரை நிமிடம், அடுத்தது முடிய மூன்று நிமிடம். ஒவ்வொன்றுக்கும் காத்திருந்து அடித்துக்கொண்டிருந்தால் எழுந்திருக்கவே வழியில்லை. அதனால்தான் கோக்க ஆரம்பித்தான். டிஸ்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, நகலெடுக்க ஒன்று, சுருக்க ஒன்று, வேறு ஊர்க் கணினிக்கு அனுப்ப ஒன்று, பழையதைக் கழிக்க ஒன்று. ஐந்தையும் நடுவில் && என்று இரட்டை அண்ட் குறி போட்டு ஒரே வரியாக்கினான். அந்தக் குறி இருந்தால், முன்னது ஒழுங்காக முடிந்தால்தான் பின்னது கிளம்பும். ஒரே தட்டு, பன்னிரண்டு நிமிடம். ஒரு ஆளைப் புரட்டித் துடைத்து, பவுடர் போட்டு, வேட்டி மாற்ற அது போதும்.

ஆதிமூலம் ஒருநாள் கேட்டார். "அப்டி இன்னாதான்டா எழுதிட்டு ஓடியார?"

"வேலைங்கள ஒண்ணோட ஒண்ணு கோத்து வுட்டுட்டு வரேன் நைனா. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடும்."

"மேஸ்திரி வாணாமா?"

"வாணாம்."

"முன்னால போறவன் வுழுந்தா?"

"பின்னால வரதெல்லாம் அப்டியே நின்னுடும்."

"நல்ல ஏற்பாடுதான். எங்க லோடுல ஒருத்தன் வுழுந்தா, பின்னால வரவன் அவன் முதுவு மேலயே மூட்டய போட்டுட்டு அவனும் வுழுவான்" என்று பாதி வாயால் சிரித்தார் கிழவர்.

டீம் லீட் அனு இவனைவிடப் பத்து வயது சின்னவள். "அண்ணா, இது கமாண்டா, ரயிலா? ஒண்ணொண்ணா எழுதுங்கண்ணா, உங்களத் தவிர யாருக்கும் புரியல" என்று போனில் கிண்டல் செய்வாள். இவன் "சரிம்மா" என்பான். மறுநாள் ரயிலில் இன்னொரு பெட்டி சேர்ந்திருக்கும். நைனா படுத்திருப்பதை அவன் ஆபீசில் சொன்னதே இல்லை. சொன்னால் முதலில் இரக்கப்படுவார்கள், பிறகு வேறு ஆள் தேடுவார்கள் என்று பயம்.

ஒருமுறை வரி பாதியில் நின்றுபோனது. ஓடிக்கொண்டிருக்கிறது என்று நம்பி, நேரம் போனதே தெரியாமல் இவன் நைனாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தான். முக்கால் மணி நேரம் யாரும் கவனிக்கவில்லை என்று மேலிடம் வரை புகார் போயிற்று. "இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா உங்கள சென்னைக்கே வந்து உக்காரச் சொல்லிடுவாங்கண்ணா" என்றாள் அனு. சென்னைக்குப் போனால் கட்டிலில் இருப்பவரை யார் பார்ப்பது? அன்று மாலையே வரியின் கடைசியில் ஒரு மணியோசையைச் சேர்த்தான். அதற்கு முன்னால் மட்டும் இரட்டை அண்ட் குறி போடாமல் அரைப்புள்ளி வைத்தான். அரைப்புள்ளிக்கு முன்னது வென்றதா தோற்றதா என்ற கவலை கிடையாது. வேலை முடிந்தாலும் மணி அடிக்கும், முதல் அடியிலேயே விழுந்தாலும் அடிக்கும்.

அந்த ஓசை நைனாவுக்கும் பழகிவிட்டது. கேட்டவுடன், விளங்குகிற இடது கையால் மகனைத் தள்ளுவார். "கூப்டுது பாரு, போ."

போன ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. வெளியே மழை. இரண்டு நாளாக நைனாவுக்கு மூச்சு வாங்கியது. வந்து பார்த்த டாக்டர் "வீட்லயே வெச்சி பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். லீவெல்லாம் அந்த வருடம் எப்போதோ தீர்ந்துவிட்டது. பதினொரு மணிக்கு வரியைத் தட்டிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தான். நைனா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்ச நேரம் இங்கயே இருடா."

படுக்கையில் விழுந்த நாளிலிருந்து தனக்கென்று அவர் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"பன்னெண்டு நிமிஷம் இருக்குது நைனா. எங்கியும் போவல."

அரை நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்தது. டிஸ்கில் இடமில்லை. முதல் கட்டளை விழுந்து, மற்ற நான்கும் நின்றுபோய், மணி மட்டும் தவறாமல் தன் வேலையைச் செய்தது. ஆதிமூலமே பிடியை விட்டார்.

"கூப்டுது பாரு. போய்ட்டு வா."

போனான். இடம் ஒழித்து, மறுபடி கோத்து, ஓடவிட்டுத் திரும்ப இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நைனாவின் கண் கதவுப் பக்கம் பார்த்திருந்தது. உடம்பில் சூடு இருந்தது, ஆள் இல்லை.

மத்தியானம் வல்லத்திலிருந்து நனைந்துகொண்டே வந்து விழுந்து அழுதாள் அமிர்தவல்லி. "கடைசில நீ பக்கத்துலதான இருந்த?" என்று கேட்டாள்.

"இருந்தேங்க்கா."

"கைய புடிச்சினு இருந்தியா?"

"புடிச்சினுதான் இருந்தேன்."

அந்தப் பொய்யில்தான் அவள் அழுகை கொஞ்சம் அடங்கியது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்ள இன்றுவரை அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

டாக்டர் மீது அவனுக்கு வருத்தமில்லை, ஆபீஸ் மீதும் இல்லை. அவன் மனம் போய்ப் போய் நிற்பது அந்த ஓர் அரைப்புள்ளியில். அங்கேயும் இரட்டை அண்ட் குறி போட்டிருந்தால் மணி வாயை மூடிக்கொண்டிருக்கும். அவன் பாட்டுக்கு உட்கார்ந்திருப்பான். ஆபீசில் எல்லாம் நின்று கிடந்திருக்கும், அனு போன் போட்டுத் திட்டியிருப்பாள். திட்டியிருப்பாள், அவ்வளவுதானே? தாளாத ஏக்கம் அது. பல் தேய்க்கும்போதும் பஸ் ஸ்டாண்டுக் கடையில் டீ குடிக்கும்போதும் வந்துவிடுகிறது.

"இனிமே நீ சென்னைக்கே போலாமே" என்கிறார்கள் தெருக்காரர்கள். கட்டிலையாவது யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாள் அக்கா. மழை விடட்டும் என்றான், தை பிறக்கட்டும் என்றான், இப்போது வெயில் குறையட்டும் என்கிறான். வேலை என்னவோ ஒரு குறையும் இல்லாமல் நடக்கிறது. விஷயம் தெரிந்தபின் அனு ரயில் கிண்டலை விட்டுவிட்டாள்.

போன வாரம் ஒரு காலை, மேல் அம்புப் பொத்தானைத் தட்டி முந்தைய நாள் வரியைத் திரைக்கு வரவழைத்தான். மினுக்கும் கர்சர் கோட்டை நகர்த்தி நகர்த்தி அரைப்புள்ளிக்கும் மணியோசைக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தி, அந்த இடத்தில் புதிதாக ஒரு கட்டளையைச் செருகினான். அது எதையும் நகலெடுக்காது, எதையும் அனுப்பாது. சொன்ன நேரம் வரை சும்மா இருக்கும். எழுநூற்று இருபது வினாடி என்று அடித்தான். இனி வேலை நடந்தாலும் விழுந்தாலும் பன்னிரண்டு நிமிடத்துக்கு முன்னால் மணி வாய் திறக்காது. ஓடவிட்டுப் போய், விரிப்பு மாற்றாத கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டு, மணிக்கட்டைத் தலையணைக்குப் பக்கத்தில் மெத்தை மேல் நீட்டி வைத்தான்.