கோமளா டீச்சருக்கு மூன்று நாள், டேவிட் சாருக்கு மூன்று நாள்

இரண்டு விரல்கள் பச்சை வலை நூலை இத்தாலி வரைபடத்தின் மேல் வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டு போயின. சாலை வளைந்த இடத்தில் நூலும் வளைந்தது. மலை கடலுக்குள் துருத்திக்கொண்டு நின்ற இடங்களில் கட்டைவிரல் நகம் நூலை அழுத்திப் பிடிக்க, ஆள்காட்டி விரல் அடுத்த வளைவைத் தேடிப் போனது. சலேர்னோவில் புறப்பட்ட நூல் அமால்ஃபியில் வந்து நின்றது. அந்த இடத்தில் பேனாவால் ஒரு புள்ளி. நூலை நேராக இழுத்து அளவுகோலில் வைத்தால் இருபத்தைந்து கிலோமீட்டர்.

கம்ப்யூட்டரும் அதைத்தான் சொன்னது. ஆனால் எத்தனை வளைவு என்று அது சொல்லவில்லை. விரலில் தட்டிய ஒவ்வொரு பெரிய வளைவுக்கும் காகிதத்தின் ஓரத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அறுபதைத் தாண்டியதும் பேனா நின்றது. இந்தப் பயணம் போகப்போகும் கோமளா டீச்சருக்கு மீஞ்சூரிலிருந்து பக்கத்திலிருக்கும் காட்டூர் போவதற்குள்ளேயே பஸ்ஸில் வாந்தி வந்துவிடும். ஆகவே திட்டத்தில் இந்த இடத்துக்கு மட்டும் பஸ் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, படகு என்று எழுதினாள் கலைவாணி.

கோட்டைக்குப்பம் என்ற மீனவர் குப்பத்துக்காரி. வயது முப்பத்தேழு. மீஞ்சூர் ரயில் நிலையத்துக்கு எதிரே மோகன்குமார் நடத்தும் பயண ஏற்பாட்டு அலுவலகத்தில் ஆறு வருடமாக டிக்கெட் அடிப்பவள். வெளிநாட்டுப் பயணத் திட்டங்களெல்லாம் மோகன்குமாரின் மேஜையிலேயே இருந்தன. அவர் போடும் திட்டங்களைத் தட்டச்சு செய்து செய்தே கலைவாணி கற்றுக்கொண்டாள். எந்த ஊரில் எத்தனை மணிக்கு எந்தப் படகு, எந்த விடுதிக்கு எத்தனை படி என்று தனி நோட்டு வைத்திருந்தாள். படிக்கட்டு விஷயத்தில் அவள் யாரையும் நம்புவதில்லை. விடுதிக்காரர்களுக்கே எழுதிக் கேட்பாள். பதிலில் வரும் எண்ணை மீஞ்சூர் கணக்கில் மாற்றிக்கொள்வாள். ரயில் நிலைய மேம்பாலத்தை அவளே ஏறி எண்ணியிருக்கிறாள், நாற்பத்தெட்டுப் படி. நானூறு படி என்றால் மேம்பாலத்தை எட்டுத் தடவை ஏறுவது. வாடிக்கையாளருக்கு அப்படிச் சொன்னால் உடனே புரிந்துவிடும்.

இந்த முறைதான் முதன்முதலாக ஒரு வெளிநாட்டுப் பயணத்தை அவளிடம் கொடுத்திருந்தார் மோகன்குமார். கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

"இது ஓகே ஆச்சுன்னா வெளிநாடு எல்லாமே உன் டேபிள்தான். ஆவலன்னா டிக்கெட் அடிக்கிறதோட நிறுத்திக்குவோம். அப்புறம் என்னை நச்சரிக்கக் கூடாது."

வாடிக்கையாளர்கள் கோமளா டீச்சரும் அவர் கணவர் டேவிட்டும். மே மாதக் கடைசியில் கல்யாணமாகி முப்பது வருடம் நிறைகிறது. அதை இத்தாலியின் தெற்குக் கடற்கரையில் ஏழு நாள் கொண்டாட வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. அதற்கு மேல் ஒன்றிலும் ஒத்துப்போகவில்லை. டேவிட் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்தும் எட்டு கிலோமீட்டர் நடக்கிற மனிதர். "ஆக்டிவா இருக்கணும்மா" என்றார். டீச்சர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். "முப்பது வருஷம் பிளாக்போர்டுகிட்ட நின்னாச்சு. நான் உக்காரணும். எதிர்ல கடல் இருக்கணும். அவ்ளோதான்."

முதல் திட்டத்தை டீச்சர் ஒரு பக்கம் படித்ததுமே மூடினார்.

"தினமும் காலைல நாலரைக்கு எழுந்திருக்கணும்னு போட்டிருக்கியே, எதுக்கும்மா?"

"காத்து கிளம்பறதுக்குள்ள போட்ல போய்ட்டா தண்ணி ஆடாது டீச்சர்."

சொல்லும்போது அதில் தப்பு இருப்பதாகவே கலைவாணிக்குத் தோன்றவில்லை. அவள் பிறந்ததிலிருந்து குப்பத்தில் படகுகள் இருட்டிலேயே கிளம்பும். நாலரை என்பது அவளுக்குச் சற்றுத் தாமதம்.

"நாலரைக்கு எழுந்திருக்க நான் இத்தாலி போகணுமா? ஸ்கூலுக்குப் போனப்பவே ஆறு மணிக்குத்தான் எழுந்தேன்!"

பக்கத்து மேஜையிலிருந்து மோகன்குமார் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அந்த ஊர்ல முதல் போட்டே எட்டரைக்கு மேலதான் கிளம்பும், கலை. நீ போய் அங்க படகு கட்டற கட்டையைப் புடிச்சிட்டு நிக்க வேண்டியதுதான்."

இரண்டாவது திட்டத்தில் நேரத்தைத் திருத்தினாள். ஒவ்வொரு நாளையும் சரிபாதியாகப் பிரித்தாள், காலையில் நடை, மாலையில் ஓய்வு. இந்த முறை இருவருமே முகம் சுளித்தார்கள். "சூடு ஏறி நடக்க ஆரம்பிக்கிறப்ப உக்காருன்றே" என்றார் டேவிட். "உக்காந்து காலை நீட்றப்ப எந்திரின்றே" என்றார் டீச்சர். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "சனிக்கிழமை வரோம். அன்னிக்கும் சரிவரலன்னா நான் என் தங்கச்சி வீட்டுக்குப் போறேன், இவரு மீஞ்சூரைச் சுத்தி நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார் டீச்சர்.

அதனால்தான் வெள்ளிக்கிழமை காலையில் கலைவாணி வீட்டில் நூலும் வரைபடமுமாக உட்கார்ந்திருந்தாள். தூரம் சரி, படிகள் சரி, படகு சரி. இரண்டு பேரும்தான் சரியாகவில்லை.

வாசலில் அவள் கணவன் லோகேஷ் வேப்பமரத்தில் முதுகைச் சாய்த்து, கிழிந்த வலையைக் கால் கட்டைவிரலில் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தான். குப்பத்தை ஒட்டிய ஏரிப் பக்கமிருந்து இறால் நன்றாக விழுகிறது என்று கூச்சல் கேட்டது. அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இன்னாய்யா, அவனுங்க அள்றானுங்க, உனக்கு ஒண்ணும் ஆவலியா?" என்றாள் கலைவாணி வாசலுக்கு வந்து.

"எனக்கு இன்னா ஆவணும்? இன்னிக்கு நம்ம பாடு இல்லியே."

ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலதான். எல்லாரும் ஒரே நாளில் அங்கே வலை இறக்க முடியாது. அதனால் சீட்டுப் போட்டு முறை பிரித்துக்கொள்வார்கள். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். பாடு உள்ளவன் அன்றைக்கு ராஜா. மற்றவர்கள் கரையில் வலை தைப்பார்கள், இல்லை தூங்குவார்கள். அவனிடம் போய் இப்படிப் போடு, அப்படிப் போடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"நாளைக்கு உன் பாடா?"

"நாளைக்கு நம்முது. நாளைக்கு வந்து கேளு, பேசக்கூட நேரம் இருக்காது. இன்னிக்கு நீ டீ போட்டா குடிப்பேன்."

கலைவாணி டீ போடவில்லை. உள்ளே போய்ப் புதிய தாளை எடுத்தாள்.

"இன்னாமே, டீ?"

"இன்னிக்கு என் பாடு. நீ போடு" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் வந்தார்கள். டீச்சர் பையை மடியிலேயே வைத்துக்கொண்டார், எந்த நேரமும் கிளம்பிவிடுவதைப் போல. மோகன்குமார் கணினியைப் பார்ப்பதாகப் பாவனை செய்தார்.

கலைவாணி பாடு என்றால் என்ன என்று முதலில் சொன்னாள். பிறகு தாளை விரித்தாள். ஏழு இரவும் சலேர்னோவில் ஒரே விடுதி, பெட்டியைத் தினமும் கட்ட வேண்டாம். மூன்று நாள் சாருக்கு, மூன்று நாள் டீச்சருக்கு, மாறி மாறி. சாரின் நாளில் சார் சொல்வதுதான். மலை மேல் கடலைப் பார்த்தபடி மூன்று மணி நேர நடை, அது முடிந்து பொசிட்டானோவுக்கு ஆயிரத்தெழுநூறு படி இறக்கம்.

"மேம்பாலத்தை முப்பத்தஞ்சு தடவை இறங்கற மாதிரி, சார்."

டேவிட் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஷோக்கா இருக்கும்போல."

"நான்?" என்றார் டீச்சர்.

"நீங்க மெதுவா எழுந்து, படகுல பொசிட்டானோ போய் கடற்கரைல உக்காந்திருங்க டீச்சர். சார் இறங்கி வந்து உங்களைத் தேடிக்கணும். உங்க நாள்ல குடைக்குக் கீழ நாற்காலி ரெண்டு. சாரும் உக்காரணும்."

"இவராவது, உக்கார்றதாவது! பத்து நிமிஷத்துல ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்னு கிளம்பிடுவார்."

"அடுத்தவன் பாடு அன்னிக்கு வலை இறக்கினா எங்க ஊர்ல பஞ்சாயத்து, டீச்சர். எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

டேவிட் சிரித்துவிட்டார். "நீந்தலாமா? அதாவது கொடும்மா."

"கேட்டுட்டு நீந்தலாம்" என்றார் டீச்சர். பை மடியிலிருந்து தரைக்கு இறங்கியிருந்தது.

"மூணும் மூணும் ஆறு. மிச்சம் ஒரு நாள் யாருக்கு?" என்று டீச்சரே கேட்டார்.

"கல்யாண நாள், டீச்சர். அது ரெண்டு பேருக்கும் பொது. எங்க குப்பத்துலயும் ஊர்ப் பொதுவுக்குன்னு ஒரு நாள் விடுவாங்க. அன்னிக்குச் சேத்தாரான்னு ஒரு ஊர். நம்ம மாதிரி மீன்புடிக்கிற ஊரு, நெத்திலியை உப்புல போட்டு வைக்கிறவங்க. சலேர்னோலேர்ந்து கிட்டத்துலதான், வளைவும் கம்மி. மதியம் அங்க சாப்பாடு. அதுக்கு மேல நான் ஒண்ணும் எழுதல."

டீச்சர் தாளைத் தன் பக்கம் திருப்பி, பரீட்சைத் தாள் திருத்துவதைப் போல ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"நாளுக்கு நேரா தேதியே போடலியே."

"முதல் பாடு யாருக்குன்னு தெரியாம எப்படிப் போடறது?"

கலைவாணி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். உள்ளே மடித்த இரண்டு சீட்டுகள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார்.

"நான்தான்!" அவர் போட்ட சத்தத்தில் டிக்கெட் எடுக்க வந்திருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். "முதல் நாள் உக்கார்றோம், டேவிட்!"

"சரி சரி. உன் பாடு."

மோகன்குமார் எழுந்து வந்தார். தன் மேஜையிலிருந்த மூன்று வெளிநாட்டு ஃபைல்களைக் கலைவாணியின் மேஜையோரத்தில் வைத்துவிட்டு, டீ வாங்கப் போனார். கலைவாணி அவற்றை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். ஆனால் தொடவில்லை. முதலில் தேதிகளை எழுத வேண்டும். மே இருபத்தைந்து, டீச்சர். இருபத்தாறு, சார். இருபத்தேழு, டீச்சர். கல்யாண நாளான இருபத்தெட்டுக்கு நேராகப் பொது என்று எழுதினாள். மிச்ச மூன்று நாளையும் நிரப்பி, படகு நேரங்களை இன்னொரு முறை சரிபார்த்தாள். தாள்களைத் தட்டி ஒழுங்காக்கி உறையில் போட்டு, வரைபடத்தை மடித்து மேலே வைத்தாள். அளந்த பச்சை நூல் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்கலாமா என்று யோசித்தாள், அப்படியே விட்டாள்.

பிறகு எழுந்து நின்று, உறையை இரண்டு கையாலும் டீச்சரிடம் நீட்டினாள்.