பெரியமாமா பிளஸோ, மைனஸோ?

என் மனைவி லாங்கன்தாலில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். கோடையில் இரண்டு வாரம் அந்தத் தொழிற்சாலையை இழுத்துப் பூட்டிவிடுவார்கள். அந்த இரண்டு வாரம்தான் அவளுக்கு லீவு. நான் இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் இருக்கிறேன். உலகத்திலுள்ள சுற்றுலாப் பயணிகள் எல்லோருக்கும் ஒரேயடியாகப் பசிப்பது அதே இரண்டு வாரத்தில்தான். அதனால் எனக்கு லீவு எப்போதும் நவம்பரில், மழையோடு சேர்த்துத் தருவார்கள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒன்றாகக் கடலுக்குப் போயிருக்கவில்லை. அவள் கடற்கரையிலிருந்து படம் அனுப்புவாள். நான் உருளைக்கிழங்குச் சட்டியைப் படம் எடுத்து அனுப்புவேன்.

அந்த இரண்டு வாரத்தில் சமையலறையிலிருந்து ஒருவரை மட்டும் விடலாம் என்பது எங்கள் செஃப்பின் சட்டம். அந்த ஒருவர் யார் என்று வருடாவருடம் சண்டை. சீட்டுக் குலுக்கிப் பார்த்தார். கடதாசியை மடித்த விதத்தில் கள்ளம் இருக்கிறது என்று முறைப்பாடு வந்தது. கடைசியில் போன வருடம் வெறுத்துப்போய் அறிவித்தார்: "பிளாக்ஜாக். எல்லோர் கண்ணுக்கும் முன்னால். ஆறு சீட்டுக்கட்டு, ஒரு பெட்டி. பெட்டி முடியும்போது யாரிடம் அதிகம் இருக்கிறதோ, லீவு அவருக்கு."

காசு வைத்து ஆடச் செஃப் விடமாட்டார். களஞ்சியத்திலிருந்து ஆளுக்கு ஒரு கோப்பை காய்ந்த வெள்ளை பீன்ஸ் தருவாராம். கையிலுள்ள சீட்டுகளின் தொகை இருபத்தொன்றைத் தாண்டாமல் செஃப்புடையதை முந்தினால் வைத்த அளவு பீன்ஸ் மேலும் வரும், இல்லாவிட்டால் வைத்தது போகும்.

எனக்கு ஒரு மாத அவகாசம் கிடைத்தது. கைபேசியில் தேடிப் பார்த்ததில், இந்த ஆட்டத்தில் எண்ணத் தெரிந்தவனுக்கு ஒரு வழி இருந்தது. இரண்டிலிருந்து ஆறு வரை ஒரு சின்னச் சீட்டு மேசைக்கு வந்தால் மனதில் ஒன்றைக் கூட்டவேண்டும். பத்து, படச்சீட்டு, ஆஸ் வந்தால் ஒன்றைக் கழிக்கவேண்டும். மற்றவற்றைக் கண்டுகொள்ளக்கூடாது. கணக்குப் பிளஸில் ஏறினால் பெட்டியில் பெரிய சீட்டுகள் மிச்சம், துணிந்து வைக்கலாம். மைனஸில் இறங்கினால் அடக்கி வாசிக்கவேண்டும். அவ்வளவுதான், ஒரு குழந்தையும் செய்யும். ஆனால் குழந்தைக்குப் பதற்றம் வராது. எனக்கு வரும். பல் வைத்தியர் பெயரைக் கூப்பிட்டாலே பிறந்த திகதியை மறக்கிற ஆள் நான்.

முதலில் வாய்க்குள் எண்ணினேன். உதடு அசைந்தது. சலாட் பக்கம் நிற்கும் அண்ணை, இருபது வருடமாக என் பக்கத்து மேசைக்காரர், பார்த்துவிட்டார்.

"என்னடாப்பா, நேர்த்திக்கடனோ?"

அடுத்து கால்விரல். சப்பாத்துக்குள் ஒவ்வொரு விரலாக மடக்குவது. நாலாம் விரல் தனியாக மடங்காது என்பதை ஐம்பது வயதுக்குப் பிறகுதான் கண்டுபிடித்தேன். மடக்கியே தீருவேன் என்று நின்றதில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. சூப் சட்டியைத் தூக்கிய கையோடு ஒற்றைக் காலில் கொஞ்ச நேரம் நின்றேன். அண்ணை கைகூப்பினார்.

மூன்றாவது வழிதான் மூளையில் உதித்தது. எண் மறந்துபோகும், சொந்தக்காரர் மறந்துபோவார்களா? ஒரு கலியாண மண்டபத்தை நினைத்துக்கொண்டேன். வாசலில் நான், சைபர். வலப்பக்கம் என் ஆட்கள் வரிசையாகப் பிளஸ் ஒன்று, இரண்டு, மூன்று. இடப்பக்கம் மனைவியின் ஆட்கள் மைனஸ். சீட்டு வர வர நான் ஒவ்வொருவராகத் தாண்டிப் போய்க் கைகொடுக்கவேண்டும். யாருக்குக் கைகொடுத்தேன் என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். ரயிலில் போகவர இதே பயிற்சி. டிக்கெட் பார்க்க வந்தவரிடம் எழுந்து கைகொடுத்துவிட்டேன். அவர் நல்ல மனிதர், திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் வெங்காயம் வெட்டிக்கொண்டே பழகியபோது மனைவி பிடித்துவிட்டாள்.

"என்ர சனம் முழுக்க மைனஸோ? உங்கட ஆக்கள் எல்லாம் பிளஸோ?"

"கணக்குக்குத்தானப்பா. உம்மோட கடலுக்குப் போகத்தான் இவ்வளவு பாடும்."

"கணக்கெண்டால் சரியாப் போடுங்கோ. உங்கட தங்கச்சி எப்பிடிப் பிளஸ்? எங்கட கலியாணத்துக்கு வந்து கேக்கில உப்பு எண்டு சொல்லிட்டுப் போனவ!"

அன்று பின்னேரம் முழுக்க இருந்து மண்டபத்தை அவளே மாற்றி அடுக்கினாள். இனி என் பக்கம், உன் பக்கம் கிடையாது. எங்களுக்கு நல்லது செய்தவர் பிளஸ், உபத்திரவம் கொடுத்தவர் மைனஸ். நல்லது கூடக்கூட எண்ணும் கூடும், உபத்திரவமும் அப்படியே. என் தங்கச்சி மைனஸ் இரண்டுக்குப் போனாள். மனைவியின் சொந்தத் தமக்கை மைனஸ் மூன்று. நீதி என்றால் அப்படி ஒரு நீதி. எந்த நீதிமன்றமும் இப்படித் தீர்ப்புச் சொல்லியிருக்காது. சொன்னால் நீதிபதி ஊரில் இருக்கமுடியாது.

ஆட்டம் ஒரு சிம்மர்ஷ்டுண்டேயில் நடந்தது. மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் எங்களுக்குக் கிடைக்கும் ஓய்வு நேரத்துக்கு இங்கே அதுதான் பெயர். ஊழியர் சாப்பாட்டு மேசையில் செஃப் சீட்டுப் போட்டார். ஒவ்வொருவராகப் பீன்ஸ் தீர்ந்து எழும்பிப் போனார்கள். நான் மண்டபத்துக்குள் அங்கும் இங்குமாக நடந்து கைகொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மிஞ்சியது நானும் சலாட் அண்ணையும்.

"அண்ணை, உங்களுக்கு எங்க போகவேணும்?" என்று கேட்டேன், இரக்கம் வரட்டும் என்று.

"எனக்கு ஒரு இடமும் போகத் தேவையில்லை. உனக்குக் கிடைக்கக்கூடாது, அவ்வளவுதான்."

பெட்டியில் இன்னும் ஒரேயொரு சுற்றுக்குத்தான் சீட்டு இருந்தது. அண்ணையிடம் என்னைவிட ஒரு பிடி பீன்ஸ் அதிகம். செஃப் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "ஒரு சிகரெட்" என்று வெளியே போனார். நான் மண்டபத்தைப் பார்த்தேன். என் கை யாருடைய கைக்குள் இருக்கிறது? மனைவியின் பெரியமாமா. ஐந்தாம் இடம். சந்தேகமே இல்லை.

ஆனால் எந்தப் பக்கத்து ஐந்து?

பக்கத்தில் நிற்பவரைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் கேட்கலாம். பெரியமாமா மிகப் பருத்த மனிதர். அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை. யோசித்தேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த முதல் பனிக்கு லோசானிலிருந்து இரண்டு ஜாக்கெட் கொண்டுவந்து தந்தவர் அவர்: பிளஸ். இரண்டு நாள் நிற்க வருகிறேன் என்று வந்து பனி கரையும்வரை நின்றவரும் அவர்தான்: மைனஸ். பிளஸ் என்றால் எல்லாவற்றையும் வைக்கலாம். மைனஸ் என்றால் வைப்பவன் மடையன். எழும்பிக் கழிவறைக்கு ஓடினேன். பின்னால் அண்ணையின் குரல்: "பயத்தில வயித்தைக் கலக்குதோ?"

மனைவிக்குப் போன் அடித்தேன்.

"கெதியாச் சொல்லும். உம்மட பெரியமாமா பிளஸோ, மைனஸோ?"

அவள் மெல்லச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, நான் ரொட்டிக்கு மா குழைக்கிறன். கையெல்லாம் மா. போனைத் தூக்கி ஸ்பீக்கர்ல போட்டது பெரியமாமா."

"தம்பி," என்றது கட்டைக் குரல். "என்ன அது, நான் பிளஸோ மைனஸோ எண்டு?"

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். இப்படியே பேசாமல் இருந்தால் தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைப்பார் என்று ஒரு நம்பிக்கை.

"பிளஸ்தான், பெரியமாமா!" என்றாள் மனைவி. "நல்ல பிளஸ்! பிளஸ் அஞ்சு!"

"அதுதானே பாத்தன்," என்றார் அவர். "தம்பி, யோசிக்காமல் வையும்."

ஓடிப்போய்க் கோப்பையைக் கவிழ்த்தேன். ஒரு பீன்ஸ்கூட மிச்சம் வைக்கவில்லை. அண்ணை சிரித்துக்கொண்டே தன்னுடையதில் பாதியைத் தள்ளினார்.

எனக்கு வந்தது ஐந்தும் நாலும். ஒன்பது. இனிப் படச்சீட்டுத்தான், ராஜா ராணி என்று வரிசையாக வரப்போகிறார்கள் என்று மேசையைத் தட்டிச் சீட்டுக் கேட்டேன். மூன்று. இன்னொன்று கேட்டேன். இரண்டு. பெரியவர்கள் எல்லோரும் எங்கே போனார்கள்? பதினாலில் நிற்கமுடியாது. கண்ணை மூடிக் கேட்டேன். ஆறு. இருபது. அண்ணைக்கு இரண்டு ஒன்பது, பதினெட்டில் நின்றார். செஃப்புக்கு ஆறு, ஐந்து, இரண்டு, பிறகு இன்னொரு ஆறு. பத்தொன்பது.

நான் மேசையில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். நெற்றியில் பீன்ஸ் ஒட்டியிருந்தது. அண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார், அன்போடு இல்லை.

லீவு கிடைத்தது. இருவரும் ஒன்றாக, முதல்தடவையாக. இத்தாலிக் கரையில் ஒரு சின்ன அறை பதிவு செய்தோம். ஒரு கிழமைக்குப் பிறகு அதைப் பெரிய அறையாக மாற்றினோம். பெரியமாமா சொன்ன நியாயத்தை எங்களால் மறுக்கமுடியவில்லை: "என்னாலைதானே வெண்டது? நான் வராமல் எப்பிடி?"

மணலில் மூன்று சாய்கதிரை. நடுவில் பெரியமாமா. அவர் ஐஸ்கிரீம் வாங்க எழும்பிப்போன இடைவெளியில் மனைவி எட்டி என் கையைப் பிடித்தாள்.

"ஒண்டு சொல்லட்டோ? கோவிக்கக்கூடாது. அவர் மைனஸ் அஞ்சு."

நான் கடலைப் பார்த்தேன். அன்று எனக்கு வந்தவை ஐந்து, நாலு, மூன்று, இரண்டு, ஆறு: எல்லாம் சின்னவை.

"பக்கத்தில அவரை வச்சுக்கொண்டு நான் வேறை என்னத்தைச் சொல்ல?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் அவர் மூன்று ஐஸ்கிரீமோடு வந்துவிட்டார். உட்கார்ந்து, நாங்கள் எப்போது கேட்பார் என்று பயந்துகொண்டிருந்த கேள்வியைக் கேட்டார்.

"அது சரி. அப்ப மைனஸ் ஆர் ஆர்?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஒருத்தரும் இல்லை, பெரியமாமா," என்றேன்.

"எல்லாரும் பிளஸ்தான்," என்றாள் அவள்.

"அதெப்பிடி? உம்மட தமக்கையுமோ?"

"ஓம், அக்காவும்."

அவர் நம்பவில்லை. மாமிமார், மச்சான்மார், ஒன்றுவிட்டவர், இரண்டுவிட்டவர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். இரண்டு வாரமும் நாங்கள் இருவரும் ஒரு குரலில் பொய் சொன்னோம். இவ்வளவு காலக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து ஒரு வேலையை முழுதாகச் செய்து முடித்தது அதுதான்.