தூங்குமூஞ்சி மரத்தின் கழுத்தில் நான் கட்டிய மேடை

பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. வாத்தியாருக்கும் எனக்கும் ஒரே நாளில் அலுத்துவிட்டது. அதனால் மரத்தைப் பற்றி விவரம் தெரிந்தவன் யாரோ எழுதுகிறான் என்று நினைக்க வேண்டாம். ஒரு மரத்தைக் கிட்டத்தட்டக் கொன்றவன் எழுதுகிறேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில், திருவொற்றியூர் தாண்டி, கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசை கட்டி நிற்கும் இடத்தில் எனக்கு ஒரு பஞ்சர் கடை. கடை என்றால் சுவர் கிடையாது, கதவு கிடையாது. ஒரு தூங்குமூஞ்சி மரம், அவ்வளவுதான். அதன் கிளைதான் கூரை. ட்யூப் மாட்ட ஆணி அடித்த அதன் உடம்புதான் அலமாரி. லாரிக்காரர்கள் நிழலைப் பார்த்து வண்டியை நிறுத்துவார்கள். நிறுத்திய பிறகு சும்மா இருக்க முடியாமல் டயரைப் பார்ப்பார்கள். டயரைப் பார்த்தால் எனக்குச் சோறு. ஆயுத பூஜைக்கு கம்ப்ரசருக்குப் பொட்டு வைத்துவிட்டு மரத்துக்கும் வைப்பேன், ஆணிக்குப் பக்கத்திலேயே.

அந்த மரத்துக்கு ஏதாவது நல்லது செய்ய வேண்டும் என்று எனக்கு ஒருநாள் தோன்றியது. எனக்கு நல்ல எண்ணம் வந்தாலே யாருக்காவது ஆபத்து. பக்கத்தில் கம்பெனிச் சுவர் கட்டிய கொத்தனார் மிச்சக் கலவையைத் தள்ளிவிடப் பார்த்தார். நான் வாங்கி, மரத்தைச் சுற்றி இடுப்பில் பாதி உயரத்துக்கு ஒரு மேடை போட்டேன். ஓர் இஞ்சுகூட இடைவெளி விடவில்லை. மேலே சிவப்புச் சிமெண்ட் பால் பூசி வழவழவென்று தேய்த்தேன். டிரைவர்கள் உட்கார்ந்து டீ குடித்தார்கள். நான் கோயில் கட்டியவன் மாதிரி நடந்தேன். ரோட்டு இடத்தில் சிமெண்ட் போட்டால் கடையையே தூக்கிவிடுவார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் நெடுஞ்சாலை ஆபீஸ் ஜீப் வரும் சத்தம் கேட்டால் மேடையைச் சுற்றிப் பழைய டயரை அடுக்கி மறைத்துவிடுவேன்.

இரண்டு வருஷம் போனது. குழாயில் காற்று மட்டும் வந்த வருஷம் அது. மரத்தின் உச்சிக் கிளைகள் மொட்டையாக நின்றன. வெயில் என்றேன். பிறகு கம்பெனிப் புகை என்றேன். கடல் உப்பு என்றேன். ஒரு ஆட்டின் மேல்கூடப் பழி போட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை காய்ந்த கிளை ஒன்று முறிந்து லாரித் தார்ப்பாய் மேல் விழுந்தது. உள்ளே தூங்கிய டிரைவர் தப்பித்தார். அன்று சாயங்காலமே ஜீப் வந்தது. நான் டயரை அடுக்கி முடித்திருந்தேன்.

ஆபீஸர் சாவியால் பட்டையைச் சுரண்டினார். உள்ளே பழுப்பு. இன்னோர் இடத்தில் சுரண்டினார். அங்கேயும் பழுப்பு.

"காய்ஞ்சிபோச்சுப்பா. வெள்ளிக்கிழமை ஆள் வரும். வெட்டிடுவாங்க."

"சார், அது தூங்குமூஞ்சி சார். தூங்கிகினு கீது."

"மூணு மாசமாவா?"

ஜீப் போனதும் எதிர்ச் சாரியில் டீக்கடை வைத்திருந்த தூத்துக்குடி அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி வந்தார். டயரைக் காலால் தள்ளி மேடையைப் பார்த்தார்.

"வேய், கழுத்த நெரிச்சுப்புட்டு மூச்சு விடலையேன்னு கேக்கீரு. வேருக்குத் தண்ணி எப்படிவே போவும்?"

"இன்னா அண்ணாச்சி, நீங்களே இது மேல குந்திதான பேப்பர் படிச்சீங்க?"

"படிச்சேன். உம்ம மூஞ்சிக்காவ வாய மூடிக்கிட்டு படிச்சேன்."

இரும்புக் கம்பியையும் சுத்தியலையும் எடுத்தேன். ஆனால் முழுசாக உடைக்கத் தைரியம் வரவில்லை. உடைத்த கல்லை யாராவது பார்த்தால் யார் கட்டியது என்று கேட்பார்கள். கடல் பக்கமாக, ரோட்டுக்குத் தெரியாத மூலையில் மட்டும் உடைத்தேன். புதன் முழுக்க உடைத்தேன். உள்ளே மண் சாம்பலாக இருந்தது. ஒரு மாதிரி எரிகிற வாடை வேறு. மேடை கட்டும் முன்பு பாட்டரித் தண்ணீரையும் கழிவு ஆயிலையும் நான் எங்கே ஊற்றிக்கொண்டிருந்தேன் என்று என் மூக்கே எனக்கு ஞாபகப்படுத்தியது. அந்த மண்ணை அள்ளி வீசினேன். அடிமரத்தில், நிலத்தை ஒட்டி, ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகச் சுரண்டினேன். பச்சைப்பயறு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. ஆசையில் இன்னும் கொஞ்சம் கீறிவிட்டேன்.

தண்ணீர் வேண்டும். எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர், வீட்டுக்கு நாலு குடம். வியாழக்கிழமை நான் இரண்டைத் தூக்கினேன். மனைவி வாசலை மறித்தாள்.

"இன்னாயா, எங்க எத்துகினு போற?"

"மரத்துக்கு."

"வூட்ல சோறு வடிக்கத் தண்ணி இல்ல. நீ மரத்துக்குத் தலைக்கு ஊத்தப் போறியா?"

"அது செத்துச்சின்னா அடுப்பே எரியாது. வடிக்க இன்னா கீது அப்பறம்?"

அவள் குடத்தைப் பிடுங்கினாள். தொலைந்தேன் என்று நினைத்தேன். அவளே இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். "உன் கைல குடுத்தா பாதி வழில சிந்திடுவ" என்றாள். குழியில் தண்ணீர் இறங்கியது. இரண்டு வருஷமாக அந்த மண் தண்ணீர் குடித்ததில்லை. நாங்கள் இரண்டு பேரும் கிணற்றை எட்டிப் பார்ப்பது போல அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே நாலு பேர் வந்தார்கள். ஒருவர் கயிற்றோடு மேலே ஏறினார். ரம்பத்தை, மேடையை மறைத்து நான் அடுக்கியிருந்த டயர்மேல்தான் சாய்த்து வைத்தார்கள். ஜீப்பும் வந்தது.

"சார், உயிர் கீது சார். கீய பச்சையா கீது."

"எங்க காட்டு."

வாயைத் திறந்துவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. பச்சை இருப்பது மேடை உடைத்த குழிக்குள். காட்ட வேண்டும் என்றால் டயரைத் தள்ள வேண்டும். தள்ளினால் மேடை தெரியும். மேடை தெரிந்தால் கடை போகும். மரம் போனாலும் கடை போகும் என்றாலும், அப்போது குற்றம் வெயில் மேலே நிற்கும், என் மேலே அல்ல. மேலே இருந்தவர் முதல் கிளையில் கயிற்றைக் கட்டிவிட்டு, "சார், அறுக்கட்டா?" என்றார்.

ஆபீஸர் என்னைப் பார்த்தார். அன்றும் தண்ணீர் ஊற்ற வந்திருந்த மனைவியும் காலிக் குடத்தோடு என்னைப் பார்த்தாள்.

டயரைத் தள்ளினேன். ஒன்று உருண்டு போய் ஜீப்பில் இடித்தது.

"இத்த கட்னது யாரு?" என்று ஆபீஸரே எங்கள் பாஷைக்கு இறங்கிவிட்டார்.

"நான்தான் சார். ஆயில் ஊத்துனதும் நான்தான். ஆணி அடிச்சதும் நான்தான். ஆடு ஒன்னும் பண்ல."

அவருக்கு ஆடு விஷயம் புரியவில்லை. குனிந்து குழிக்குள் கையை விட்டுச் சுரண்டினார். நகத்தில் ஈரம் ஒட்டியது. மோந்து பார்த்தார். ரொம்ப நேரம் மோந்து பார்த்தது போல இருந்தது.

"காஞ்ச கிளைய மட்டும் எடுங்க" என்றார் மேலே பார்த்து. பிறகு என்னிடம், "மழை வரைக்கும் பாப்போம். மேடை மொத்தமும் இன்னிக்கே போவணும். நீயும்தான். இந்த மரத்துகிட்ட உன் சாமான் ஒண்ணும் இருக்கக் கூடாது."

சாயங்காலத்துக்குள் மேடையை உடைத்தேன். ஆணிகளைப் பிடுங்கினேன். ஒன்று மட்டும் வரவில்லை. மரம் அதைத் தலைவரைக்கும் விழுங்கியிருந்தது. அண்ணாச்சி தன் கடைக்குப் பக்கத்தில் ஒரு பாய் அகலம் இடம் கொடுத்தார். மொட்டை வெயில்.

மழை வந்த பிறகு கடல் பக்கம் துளிர்த்தது. ரோட்டுப் பக்கம் இன்றுவரை மொட்டைதான். லாரிகள் பழையபடி அந்தப் பாதி நிழலில் நிற்கின்றன. டிரைவர் விசில் அடித்தால் நான் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு கன்டெய்னர்களுக்கு நடுவே உயிரைப் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டுவேன்.

மத்தியானம் சோறு கொண்டு வரும் மனைவி என் பக்கம் வருவதில்லை. ஒரு குடத்தை வேரில் ஊற்றிவிட்டு நிழலில் உட்கார்ந்துகொள்வாள்.

"துன்றதுக்கு இங்க வாயா" என்று அங்கிருந்தே கூப்பிடுவாள். "சாமான் ஒண்ணும் எடுத்தாராத."