மாமா திரும்பிய பக்கம்

மேடையில் என் மாமாவை எந்தப் பெண்ணும் காதலித்ததில்லை. அவரும் யாருக்காகவும் செத்ததில்லை. கடிதம் கொண்டு வருவார், கதவைத் திறந்துவிடுவார், குடித்துவிட்டு உளறுவார், பொய்ச்சாட்சி சொல்வார். இத்தாலிய மொழியில் நாலு வரி பாடிவிட்டு உள்ளே போய்விடுவார். ஆபெரா என்னும் மூன்று மணி நேரப் பாட்டு நாடகத்தில் அவர் பங்கு சில சமயம் நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தை வைத்துத்தான் அவர் இந்த நாட்டில் காலூன்றினார்.

அவர் என் அம்மாவின் தம்பி. பாளையங்கோட்டையில் சர்ச் கொயரில் டெனர், அதாவது ஆண்களின் மேல்ஸ்தாயி, பாடிக்கொண்டிருந்தவர். கம்ப்யூட்டர் படிக்க நியூ ஜெர்சிக்கு வந்து, இரண்டாவது செமஸ்டரிலேயே அதை விட்டுவிட்டு சங்கீதக் கல்லூரியில் சேர்ந்துகொண்டார். பிரிட்ஜ்வாட்டரில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில், வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு கட்டில். அக்கா மகள் நானும் பின்னால் கல்லூரியைப் பாதியில் விட்டேன். உணவகச் சமையலறைகளில் பாத்திரம் கழுவினேன், ட்ரக் ஓட்டினேன், எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. அம்மா இதற்கெல்லாம் பழியை இன்றும் அந்தக் கட்டில் மேல்தான் போடுகிறாள்.

மாமாவைப் போன்றவர்களுக்கு அந்த உலகத்தில் ‘கேரக்டர் டெனர்’ என்று பெயர். கதாநாயகனைப் பாடும் டெனர் வேறு. கிழவன், வேலைக்காரன், கோமாளி, கோள்சொல்லி இவர்களைப் பாடுகிற டெனர் வேறு. ஒருமுறை ஜெபக்கூட்டத்தில் ஒரு ஆன்ட்டி, தம்பி என்ன பாடுகிறான் என்று விசாரித்தார். கேரக்டர் டெனர் என்றாள் அம்மா. ஆன்ட்டிக்கு மனம் நிறைந்துவிட்டது. “அதாம்மா வேணும். வாய்ஸ் இன்னைக்கு இருக்கும், நாளைக்குப் போவும். ஆம்பளப் பிள்ளைக்கி கேரக்டர் நல்லா இருக்கணும்” என்றார். அடுத்த இரண்டு வாரத்தில் மாமாவுக்கு மூன்று வரன்கள் வந்தன. மேடையில் அவர் திருடன், குடிகாரன், தரகன் என்று அம்மா விளக்கிச் சொன்னதும் மூன்றும் திரும்பிப் போயின.

அப்பா மட்டும் விடாமல் கேட்பார். “மாப்ள, ஹீரோ சான்ஸ் எப்பத்தான் குடுப்பாங்க?”

“நம்ம கொரலு ஊறுகா அத்தான்” என்பார் மாமா. “ஊறுகாய வச்சு எவனும் வயிறு நெறைக்க மாட்டான். ஆனா எலையில இல்லன்னா கேப்பான்.”

எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்தக் குளிர்காலத்தில்தான் மாமாவுக்கு அதுவரை கிடைத்ததிலேயே பெரிய வேஷம் கிடைத்தது. ஒரு வேடிக்கை ஆபெராவில் காது கேளாத கிழட்டு வேலைக்காரன். “ஏணியக் கேட்டா ஆணியக் கொண்டு வருவான் பாத்துக்கோ, அவந்தான் நான்” என்று எனக்குச் சொன்னார். மூன்று காட்சிகளில் வருகிறான். ஆனால் பெரியவர்கள் சமையலறையில் குரலைத் தணித்துப் பேசியது வேஷத்தைப் பற்றி அல்ல. அந்த ஆபெராவை நடத்திய கம்பெனி மாமாவை ஒரு வருடத்துக்குத்தான் எடுத்திருந்தது. அந்த வேலையை நம்பித்தான் விசா. இந்த ஆபெராவைப் பார்த்துவிட்டு அடுத்த வருடத்துக்கும் எடுத்துக்கொண்டால் இருப்பார். இல்லையென்றால் ஊருக்குப் போகவேண்டியதுதான். சூட்கேஸை எந்த அலமாரிக்குள் வைத்திருக்கிறோம் என்றுகூட அம்மா பார்த்து வைத்திருந்தாள்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலை, மாமா டிரைவ்வேயில் பனி வாரிக்கொண்டிருந்தார். நான் ஜன்னலோரத்தில் சீரியல் கிண்ணத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பனிக்கட்டியில் கால் வழுக்கி மல்லாந்து விழுந்தார். ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கிக்கொண்டது. எழுந்துவிடுவார் என்று காத்திருந்தேன். எழவில்லை. சிரித்துவிடுவார் என்று நினைத்தேன், சிரிக்கவும் இல்லை. கிண்ணத்தில் சீரியல் ஊறிக் கூழாகும்வரை அப்படியே நின்றேன். யாரைக் கூப்பிடுவது, என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. துணி எடுக்க வந்த அம்மாதான் பார்த்துவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் என்னைப் பிடித்துக்கொண்டாள். “பாத்துக்கிட்டேவா நின்ன? ஒரு சத்தம் குடுத்தா வாயில இருக்க முத்து கொட்டிருமாட்டி?”

அந்தக் கேள்வி எனக்குள் தைத்துவிட்டது. இனி மாமா விழுந்தால் நான் சத்தம் கொடுப்பேன் என்று தீர்மானித்துக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு விலா எலும்புகளில் விரிசல். ஆறு வாரம் ஓய்வு என்றார் டாக்டர். மூன்றாவது வாரமே மாமா விலாவைச் சுற்றி பெல்ட்டைக் கட்டிக்கொண்டு பேஸ்மென்ட் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டார். தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கீழே தடதடவென்று சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி தடதட. மேலே வரும்போது முழங்காலில், தோளில் நீலமாகக் கன்றிப்போயிருக்கும். அம்மா தைலத்தைத் தேய்த்துக்கொண்டே திட்டுவாள். “சும்மா தடுமாறுனா போதும்னு டைரக்டரே சொல்லுதாரு. ஒனக்கு என்னலே வந்துது?”

“விழுந்தா முழுசா விழணும்க்கா. பாதி விழுந்தா எவனும் நம்ப மாட்டான்.”

அந்த வேலைக்காரன் படிக்கட்டில் உருண்டு விழுகிற கட்டம் ஒன்று இருப்பதை எனக்கு யாரும் விளக்கவில்லை. மாமாவுக்கு இப்போதெல்லாம் கால் நிற்பதில்லை, அதனால் அடிக்கடி படியில் தவறிவிடுகிறார் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு மதியக் காட்சிக்குப் போனோம். அம்மா பட்டுப்புடவைக்கு மேல் விண்டர் ஜாக்கெட் போட்டிருந்தாள். பால்கனியில் வலது ஓரக் கடைசியில் எங்கள் மூன்று சீட். முதல் அங்கத்தில் கூனிக் குறுகிக்கொண்டு ஒரு கிழவன் வந்தான். மூக்கால் நாலு வார்த்தை பாடிய பிறகுதான் அது மாமா என்று தெரிந்தது. எஜமான் தொப்பி கேட்டான், இவன் நாற்காலி கொண்டு வந்தான். ஜனங்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எனக்குக் கொஞ்சம் கோபமாக இருந்தது.

இரண்டாவது அங்கத்தில் கிழவன் ஒரு தட்டில் சூப் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு படிக்கட்டின் உச்சியில் வந்து நின்றான். எஜமான் கீழிருந்து ஏதோ கத்தினான். கிழவன் ஓர் அடி எடுத்து வைத்தான். அவ்வளவுதான். தட்டு ஒரு பக்கம், கிண்ணம் ஒரு பக்கம். மாமா பதினோரு படியும் உருண்டு வந்து கீழே விழுந்தார். ஒரு கை உடம்புக்கு அடியில் மடங்கிக்கொண்டது. அசையவில்லை.

அரங்கமே சிரித்தது. வாத்தியங்களும் நின்றுவிட்டன. அந்த இடத்தில் அவை நிற்கவேண்டியவை என்பது எனக்குத் தெரியாது.

வீட்டில் தமிழில் கேட்டால் நான் இங்கிலீஷில்தான் பதில் சொல்வேன். தமிழ் எனக்குக் காதில் இருந்தது, வாயில் இல்லை. எழுதக் கற்றுக்கொண்டதே பிற்பாடு, ட்ரக்கில் சரக்கு இறக்கக் காத்திருந்த மணிநேரங்களில்தான். ஆனால் தினமும் காலையில் என்னைப் பள்ளிக்கு எழுப்ப அம்மா போடும் சத்தம் எனக்குள் தயாராக இருந்தது. சீட் மேல் ஏறி நின்றேன்.

“எந்திரிங்க மாமா!”

சிரிப்பு சட்டென்று நின்றது. இருட்டில் அவ்வளவு பேர் மூச்சுவிடுவது எனக்குக் கேட்டது. அப்பா என் இடுப்பைப் பிடித்தார், அம்மா என் வாயைப் பொத்தினாள். வாத்தியக்குழுவை நடத்துபவர் குச்சியைத் தூக்கியபடி அப்படியே நின்றார்.

மாமா மெதுவாகத் தலையைத் தூக்கினார். ஒரு முழங்கையை ஊன்றி எழுந்தார். கையைக் குவித்துக் காதில் வைத்துக்கொண்டார். யார் கூப்பிட்டது என்று பார்ப்பதற்காகத் திரும்பினார், அரங்கத்தின் இடது பக்கமாக. எங்களுக்கு நேர் எதிர்ப்பக்கம். கழுத்தை ஆமை மாதிரி நீட்டி, அந்தப் பக்கத்து பால்கனியின் கடைசி வரிசைவரை தேடினார். அங்கே யாரோ தன்னைத் திட்டிவிட்டதுபோல உதட்டைப் பிதுக்கினார். பிறகு தட்டை எடுத்துத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். கூரை இடிந்து விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. வாத்தியங்கள் மறுபடி தொடங்கின.

நான் அம்மாவின் கைக்கு மேலாகச் சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் மாமா பார்த்த பக்கமே திரும்பியிருந்தார்கள், எனக்குப் பின்தலைகள்தான் தெரிந்தன.

அம்மா என்னை வெளியே இழுத்துக்கொண்டு போனாள். லாபியில் ஒரு தூண் ஓரமாக நின்றுகொண்டு, “போச்சு. அவன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டாச்சு” என்று அழுதாள். நீதானே சத்தம் குடுக்கச் சொன்ன என்று நான் இங்கிலீஷில் சொன்னேன். அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள். அதற்கப்புறம் திட்டவில்லை.

ஆட்டம் முடிந்து மாமா முகத்தைப் பாதி கழுவியும் கழுவாமலும் வந்தார். கண்ணைச் சுற்றிக் கிழவனின் கோடுகள் அப்படியே இருந்தன. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “பசிக்கிக்கா, மொதல்ல வண்டிய எடுக்கச் சொல்லு” என்று என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். வண்டி ஹைவேயில் ஏறியது. நான்தான் ஆரம்பித்தேன். நான் வலது பக்கம் இருந்தேன், நீங்கள் தப்பான பக்கம் பார்த்தீர்கள் என்றேன்.

“கெழவனுக்குக் காது கேக்காதுல்லா மருமவளே. அவனுக்கு எல்லாமே தப்பான பக்கத்துல இருந்துதான் கேக்கும்” என்றார்.

அடுத்த காட்சியிலிருந்து அதையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம் டைரக்டர். திரைக்கு வலப்புறம் மறைந்து நின்று ஒரு பெண் “எழுந்திரு” என்று இங்கிலீஷில் கத்துவாள். மாமா இடது பக்கம் திரும்புவார். அவர் திரும்பிய பக்கம் அரங்கமே திரும்புமாம். ஏப்ரலில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. அம்மா அந்த சூட்கேஸை மறைத்து முன்னால் அரிசி மூட்டையை வைத்தாள். மாமா அதற்குப் பிறகு எத்தனையோ வேலைக்காரர்களைப் பாடிவிட்டார், இன்றும் பாடுகிறார்.

கடிதம் வந்த நாளில் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். எனக்கு மட்டும் குறை தீரவில்லை. ஜன்னலோரத்தில் ஊமையாக நின்றதற்கு ஈடாக அவ்வளவு சத்தமாகக் கூப்பிட்டிருக்கிறேன், மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் மட்டுமா, அந்த அரங்கத்தில் ஒருவர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றுக்காகத்தான் மற்றது என்று புரியும்வரை, இரண்டையும் சேர்த்தே அவர்மேல் வருத்தமாக வைத்திருந்தேன், வெகுகாலம்.